முப்பது பேருக்கு ஒரே பதில்

பாடக் கதையில் வரும் அம்மா கதவைப் பூட்டாமல் போனது ஏன்? ஆளுக்கொரு காரணம் சொல்லி வாதாடச் சொன்னார் டீச்சர். முப்பது பிள்ளைகளும், “மகன் திரும்பி வருவான்னு நம்பி,” என்று அச்சடித்தாற்போல் ஒப்பித்தார்கள். டீச்சருக்குச் சுருக்கென்றது. ஏதோ நோட்ஸ் கைமாறியிருக்கிறது! பைகளைக் கவிழ்க்கச் சொன்னால், டிபன் டப்பாக்கள்தான் உருண்டன.

“யாரு சொல்லிக் குடுத்தது? மரியாதையா சொல்லிடுங்க.”

முதல் பெஞ்சு வாயாடி எழுந்தாள். “நீங்கதான் டீச்சர். பக்கத்து கிளாஸ்ல இந்தப் பதிலை மட்டும் போர்டுல எழுதினீங்களாம். வேற சொன்னவங்களை ‘ம்ம், உட்காரு’ன்னீங்களாம்.”

“நல்லா கதை கட்டுறீங்க! என்கிட்ட எந்தப் பதிலும் தப்பில்ல.”

“அப்போ, அந்தம்மா பூட்ட மறந்துட்டாங்க டீச்சர்.”

“ம்ம், உட்காரு,” என்றார் டீச்சர்.