பில் இல்லாத காப்பி மெஷின்

1

இந்தக் கதை ஒரு அடைப்பிலிருந்து கிளம்பியது. எழுதுகிறவனுக்கு மனதில் வருகிற அடைப்பு இல்லை. பல் டாக்டர் ஒருவரின் வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டியில் வந்த அடைப்பு. நான் குழாய் வேலை செய்கிறவன். மிச்ச நேரத்தில்தான் கதை. தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து வளைகுழாயைக் கழற்றினேன். களிமண் மாதிரி கறுப்பாக ஒரு கட்டி என் மார்பில் விழுந்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். பிறகு மோந்து பார்த்தேன். காப்பிச் சக்கை.*

"டாக்டர், ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிக்கிறீங்க?"

"குடிக்கிறது ரெண்டு. சரியா வர்ற வரைக்கும் போட்டுப் போட்டுக் கொட்டுறது ஏழெட்டு."

மேடைமேல் பளபளவென்று பெரிய எஸ்பிரஸ்ஸோ மெஷின் ஒன்று இருந்தது. மூலையில் சின்னதாக இன்னொன்று, துணி போர்த்தி. வேலை முடிந்ததும் பெரியதில் எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தார். குட்டிக் கப்பு, ஒரு வாய்தான் இருக்கும். நாக்கில் பட்டதும் எனக்கு அக்கா ஞாபகம் வந்தது.

(இந்த இடத்தை மாற்ற வேண்டும். காப்பி வாசனையில் ஞாபகம் வருவதெல்லாம் ஆயிரம் பேர் எழுதிக் கிழித்த சமாசாரம். ஆனால் நிஜமாகவே வந்தது. வந்ததை வரவில்லை என்று எப்படி எழுதுவது?)

* சக்கையைத் தொட்டியில் கொட்டாதீர்கள். குப்பையில் போடுங்கள். இதை எழுதுவதால் என் பிழைப்புக்குத்தான் நஷ்டம்.

2

அக்காவை எப்படி அறிமுகப்படுத்துவது என்று மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"ஆயுள் முழுவதும் நீராவிக்குள் நின்றவள் அவள், அவளுடைய கண்ணீரும் நீராவியாகவே—"

அடித்துவிட்டேன். அக்கா அழுது நான் பார்த்ததில்லை. மற்றவர்களை அழ வைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

"பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத சலவைக் கூடத்தில்—"

இது உண்மை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் கடைசிப் பக்கத்தில் அவளுக்கு இருமல் வந்து சாக வேண்டியிருக்கும். அக்கா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். போன வாரம்கூட வீட்டு ஓனரிடம் சண்டை பிடித்துப் படிக்கட்டுக்கு பல்பு போட வைத்தாள்.

சரி, நேராகவே சொல்கிறேன். அக்கா ஓட்டல் சலவைக் கூடத்தில் இஸ்திரி போட்டவள். கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் திரும்பி வந்தவள். (அந்தக் கதையை எழுதினால் என்னை உதைப்பாள்.) என்னைப் படிக்க வைத்தவளும் அவள்தான். வேலை முடிந்து கிளம்பும்போது, இஸ்திரி போட்ட ஏப்ரன்களை மாடியிலிருக்கும் காப்பிக் கவுன்டரில் கொடுத்துவிட்டுப் போவாள். கவுன்டரில் இருப்பவர் ஒரு எஸ்பிரஸ்ஸோ நீட்டுவார். பின்கதவுப் பக்கம் நின்றபடியே குடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிப்பாள்.

போன வருடம் ஓய்வு பெற்றாள். அந்த வாரத்திலேயே ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "வேலை போனதுல ஒரு வருத்தமும் இல்லடா. இடுப்பு தப்பிச்சுது. அந்த ஒரு வாய்க் காப்பிதான் போச்சு."

தனக்கு ஒன்று வேண்டும் என்கிற மாதிரி அக்கா வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றைத்தான். வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை, போச்சு என்றுதான் சொன்னாள்.

3

வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதுதானே, இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்களுக்கு என் அக்காவைத் தெரியாது.

எது வாங்கிக் கொடுத்தாலும் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடுவாள். கம்பளிச் சால்வை கொடுத்தோம். என் மகளுக்கு ஸ்கூல் பையாகத் திரும்பி வந்தது. நல்ல செருப்பு கொடுத்தோம். என் மனைவிக்குக் குடையானது. மேசை விசிறி எங்கள் வீட்டுக்கே குக்கராக வந்து சேர்ந்தது. கடையில் திருப்பி எடுக்கும் கவுன்டரில் இருக்கிற பெண் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டாள்.

"வாங்க ரிட்டன் அக்கா. இந்தத் தடவை என்ன?"

"ஸ்வெட்டர்மா. பிரிக்கவே இல்ல. பாரு, குத்துன ஊசிகூட அப்படியே இருக்கு."

"உங்களுக்கு எடுப்பா இருக்குமேக்கா."

"இருக்கும். அதுக்கு?"

அந்த "அதுக்கு?" எங்கே முளைத்தது என்று எனக்குத் தெரியும். அம்மா கல் உடைத்தாள். அப்பா மூட்டை தூக்கினார். வீட்டில் ஒரே போர்வை. ஒருத்தர் இழுத்தால் இன்னொருத்தர் கால் வெளியே வந்துவிடும். அக்கா இன்னும் அந்தப் போர்வைக்குள்தான் படுத்திருக்கிறாள்.

(இந்த வாக்கியம் ரொம்ப நன்றாக வந்துவிட்டது. அப்படி வந்தால் சந்தேகப்பட வேண்டும். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.)

4

வீட்டில் எஸ்பிரஸ்ஸோ போட மலிவாக என்ன வாங்கலாம் என்று தேடிக்கொண்டு இந்தக் கதைக்குள் தெரியாமல் நுழைந்தவர்களுக்கு இந்தப் பகுதி மட்டும் போதும். படித்துவிட்டுக் கிளம்பலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கடைக்குப் போனேன். பெட்டிகள்மேல் பதினைந்து பார் அழுத்தம், இருபது பார் அழுத்தம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. குழாய்க்காரனிடம் அழுத்தத்தைப் பற்றிக் கதை விடக் கூடாது. காப்பிக்கு ஒன்பது போதும். மிச்சம் பெட்டிக்கு.

அடுப்பில் வைக்கிற குட்டிப் பாத்திரம் இருக்கிறது. இருப்பதிலேயே மலிவு. தண்ணீர் கீழேயிருந்து மேலே ஏறிக் கடுங்காப்பியாக வரும். நல்ல காப்பிதான். ஆனால் அந்தக் காப்பி இல்லை. அக்கா ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவாள்.

ஆகவே டாக்டரிடமே போனேன். அவர் சொன்னார்:

"மெஷினைப் பாத்து மயங்காதீங்க. கையில இருக்கற காசுல பாதியை அரைக்கறதுக்குப் போடுங்க. தூள் சீரா இல்லைன்னா தங்கத்துல மெஷின் பண்ணி வச்சாலும் கழனித்தண்ணிதான்."

இது எனக்கு உடனே புரிந்தது. தண்ணீரைப் போல ஒரு சோம்பேறி உலகத்தில் கிடையாது. எங்கே சந்து இருக்கிறதோ அந்த வழியாகத்தான் போகும். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவு, பாதி ரவை. தண்ணீர் ரவை வழியாக ஓடிவிடும், மாவு சும்மா உட்கார்ந்திருக்கும். மின்சார அரைப்பான் நல்லதாக வேண்டுமென்றால் விலை எங்கேயோ போகிறது. உள்ளே எஃகுப் பல் வைத்த கை அரைப்பான், அதில் சின்னப் பங்கு விலையில், அதே அளவுக்குச் சீராக அரைக்கும். கை வலிக்கும், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு. மலிவு மெஷின்களோடு ரெட்டை அடி வைத்த வடிகட்டி ஒன்று தருவார்கள். எந்தத் தூளைப் போட்டாலும் நுரை தள்ளும். சவர நுரை மாதிரி, பார்க்கத்தான். ஒற்றை அடி வடிகட்டியைத் தனியாக வாங்கிவிடுங்கள். தூளை அமுக்க பிளாஸ்டிக்கில் ஒன்று தருவார்கள். அதைக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிட்டு, கனமான எஃகில் ஒன்று வாங்குங்கள்.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தபோது என் கண் மூலையில் துணி போர்த்தியிருந்த சின்ன மெஷின்மேல் போனது.

"அது ஓடுமா டாக்டர்?"

"ஓடும். வாஷர் இறுகிப்போய் ஓரமா ஒழுகும். உள்ள உப்பு படிஞ்சிருக்கும். நான் பெரிசுக்குப் போயிட்டேன்ல, வித்துடலாம்னுதான்."

"பில் இருக்கா?"

"பில்லா? அது எங்க போச்சோ. கேரண்டியும் முடிஞ்சுது. பொய் சொல்லி விக்க மாட்டேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு டாக்டர்!"

கேரண்டி இல்லை என்று கேட்டு வாயெல்லாம் பல்லாக நின்ற ஒருவனை அந்தப் பல் டாக்டர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

பில் இல்லாததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கை அரைப்பானையும் அவரிடமே பழசாக வாங்கினேன். புதிதாக வாங்கினால் அதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அக்கா தலையணை உறை வாங்கி வருவாள்.

5

வாஷரை மாற்றினேன். உப்பைக் கரைத்து எடுத்தேன். இந்த இடம் வரைக்கும் எழுதியதை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் பஸ் ஓட்டுகிறவள். எதையும் கண்ணாடியில் பின்பக்கமும் பார்த்துத்தான் பேசுவாள்.

"ஏங்க, கதையில அண்ணி ரொம்ப நல்லவங்களா இருக்காங்க."

"நல்லவதானே?"

"நல்லவங்கதான். போன மாசம் சீட்டாட்டத்துல துருப்பை மடியில மறைச்சு வச்சது யாரு?"

ஆகவே சேர்த்துக்கொள்ளுங்கள்: அக்கா சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள். கையும் களவுமாகப் பிடித்தாலும் முகம் மாறாது. இது பின்னால் உதவும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

6

பழைய அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி, இருவருமாக இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போனோம். அக்காவுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பெட்டியைத் திறந்ததும் மெஷினை வெளியே எடுத்தாள். பிறகு பெட்டிக்குள் தலையை விட்டாள். பிறகு பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள்.

"பில் எங்கடா?"

"பில் இல்லக்கா."

"தொலைச்சிட்டியா?"

"இருந்தாத்தானே தொலைக்க. பழசு. ஒரு பல் டாக்டர் வீட்டுல வாங்கினது."

"பல் டாக்டர் எதுக்குக் காப்பி மெஷின் விக்கறாரு? ஊர்ல யாருக்கும் பல்லு வலிக்கலையா?" கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அவர்கிட்டயே திருப்பிக் குடுத்துடு."

"வாங்க மாட்டார். இடம் இல்ல அவருக்கு."

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"ரெண்டு பேரும் கூடிப் பேசி வந்திருக்கீங்க."

"ஆமா அண்ணி."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெஷினையே பார்த்தாள். சீட்டாட்டத்தில் ஏமாற்றக்கூட வழியில்லாத கை வந்தவள் மாதிரி அவளை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

(வாழ்நாளெல்லாம் இஸ்திரி அமுக்கிய கை காப்பித் தூளை அமுக்கும் அழகைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். தூக்கிப் போட்டுவிட்டேன். முதல் தடவை அவள் அமுக்கியதில் தூள் ஒருபக்கம் சாய்ந்து, தண்ணீர் என் சட்டைமேல் பீய்ச்சியடித்தது.)

இரண்டாவது தடவை தூள் பெரிதாகிக் குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டியது. மூன்றாவது தடவை மாவாகி, சொட்டுச் சொட்டாக அழுதது. நாலாவது தடவை எலிவால் கனத்தில், பழுப்பாக, விடாமல் ஒழுகியது. நின்றபடியே குடித்தாள்.

அவளுடைய கண்களில் அப்போது—

இல்லை. கண்களில் ஒன்றும் இல்லை. "ம்" என்றாள். கப்பின் அடியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நல்லாத்தான் இருக்கு. இதை யாருக்குக் குடுக்கலாம்?"

7

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அக்கா மெஷினைச் சலவைக் கூடத்துக்கே கொண்டுபோகிறாள். அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் குடிக்கிறார்கள். படிக்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும். உழைக்கிற பெண் கையில் இருப்பதையும் கொடுத்துவிட்டுச் சிரிப்பதாக நானே நாலு கதை எழுதிப் பேர் வாங்கியிருக்கிறேன். கொடுத்தது அவர்கள், பேர் வாங்கியது நான். போதும்.

இரண்டு: மெஷின் வெடிக்கிறது. முடியாது. வாஷர் நான் போட்டது.

மூன்று: அக்கா மனம் மாறி, ஜன்னலோரம் அமர்ந்து, தனக்கே தனக்கென்று ஒரு கப் காப்பியை மெல்ல—

"அண்ணியா?" என்றாள் என் மனைவி. அடித்துவிட்டேன்.

8

நடந்தது இது.

அடுத்த வாரம் அக்கா என் மனைவியிடம் கேட்டாள்: "ஏம்மா, உன் போன்ல பழைய சாமான் விக்கறதுக்குப் போடுவியே, இதையும் ஒரு போட்டோ எடுத்துப் போடேன்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. பில் இல்லாமலும் வழி கண்டுபிடித்துவிட்டாள். இனி அந்த மெஷின் யாருக்காவது சைக்கிளாகவோ மூக்குக் கண்ணாடியாகவோ மாறிவிடும் என்று நினைத்தேன்.

வெறும் மெஷினைப் படம் எடுத்தால் பிணம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி அக்கா ஒரு காப்பி போட்டுப் பக்கத்தில் வைத்தாள். படம் எடுத்தானதும், வீணாகக் கூடாது என்று குடித்துவிட்டாள்.

முதலில் வந்தது பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன். ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே; அவருக்கு ஒன்று போட்டாள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தனக்கு ஒன்று. அவர் குடித்தார். பேரம்கூடப் பேசாமல், போனில் போட்டிருந்த விலையை எடுத்து நீட்டினார்.

"அது போன வாரத்து வெலைங்க," என்றாள் அக்கா. முகம் மாறவில்லை.

அவர் போனபிறகு விலை ஏறியது. அடுத்து ஒரு பாட்டு டீச்சர் வந்தார். கேட்ட விலைக்குச் சம்மதித்தார். "புதுசா வாஷர் போட்டிருக்கே, அதைச் சேர்க்கலையே," என்றாள் அக்கா. திரும்பவும் ஏறியது. வந்தவர் உட்கார்ந்து குடிக்கும்போது தான் நிற்பது மரியாதை இல்லை என்று ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறாள். அதற்குப் பில் இருக்கிறது. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அக்கா, இப்ப நீ கேக்கற வெலைக்கு டாக்டரோட பெரிய மெஷினே வந்துடும். யாரும் வாங்க மாட்டாங்க."

"வாங்க வேணாமே. நான் என்ன கையைப் பிடிச்சா இழுக்கறேன்?"

"யாரும் வராத நாள்ல?"

"ஓட்டாமப் போட்டு வச்சா மெஷின் கெட்டுப்போயிடும்னு நீதானேடா சொன்ன."

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

ஆக, மெஷின் இன்னும் விற்பனைக்குத்தான் இருக்கிறது. இந்தக் கதையை முடிக்கும் உரிமை எனக்கு இல்லை, வாங்குகிறவருக்குத்தான். நீங்களும் போய்ப் பார்க்கலாம். இரண்டு மாடி ஏற வேண்டும். படிக்கட்டில் பல்பு எரியும். ஆனால் ஒன்று: அவள் கேட்கிற விலையைச் சட்டென்று எடுத்து நீட்டிவிடாதீர்கள். பேரம் பேசுங்கள். பழசுதானே, கீறல் இருக்கிறதே, பில் இல்லையே என்று நன்றாக இழுங்கள். அவள் இறங்க மாட்டாள். நீங்களும் விடாதீர்கள். இரண்டாவது கப்பு வரும். அவளும் இன்னொன்று போட்டுக்கொண்டு எதிர் முக்காலியில் உட்காருவாள். அதையும் குடித்து முடித்துவிட்டு, "வீட்டுல கேட்டுச் சொல்றேங்க" என்று எழுந்து வந்துவிடுங்கள்.