மூக்கு இல்லாமல் ஒரு மூட்டை

காய்ச்சல் போகும்போது அண்ணியின் மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. காப்பி வெறும் சுடுதண்ணீராகவும் சோப்பு வெறும் கல்லாகவும் ஆகிவிட்டன. இதை அவள் கணவனிடம் மட்டும்தான் சொன்னாள். அவன் தம்பியிடம் சொல்லிவிட்டான்.

மருந்து வேர்க் கிடங்கில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து, 'கட்டு' அல்லது 'திருப்பு' என்று சொல்வது அவள் வேலை. அதற்கென்று மூலையில் ஒரு மேசை. அந்த மேசைமேல் கொழுந்தனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

அன்று காலை அதிமதுரம் வந்து இறங்கியது. சரக்கை ஏற்றிப் போக இருமல் மருந்து ஆலையின் லாரி வாசலில் காத்து நின்றது.

"நீங்க ரெஸ்ட் எடுங்க அண்ணி. நான் பாத்துக்கறேன்."

"எதை வச்சுப் பாப்ப?"

"மூக்கை வச்சுத்தான். எனக்கு அது வேலை செய்யுதே!"

மூட்டை தூக்குபவர் சிரிப்பை மறைக்க இருமினார்.

"சரி தம்பி, நீ மோந்து சொல்லு. நான் பாத்துச் சொல்றேன். யார் சொல்றது சரியோ, மேசை அவங்களுக்கு."

கொழுந்தன் முதல் மூட்டைக்குள் தலையை விட்டு, கண்மூடி ஒரு இழுப்பு இழுத்தான். "அசல். கட்டுங்க!"

அண்ணி அதே மூட்டையை இழுத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போனாள். வெள்ளைத் துணியில் கொட்டிப் பரப்பினாள். வெயிலில் வேர்கள், யாரோ தூரத்திலிருந்து எழுதிய கடிதத்தின் கையெழுத்துபோல் கிடந்தன. இத்தனை வருடமும் மூக்கு முந்திக்கொண்டதால் கண்ணுக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஒன்றை எடுத்தாள். பழுப்புத் தோல், நீளவாக்கில் சுருக்கம். ஒடித்தாள். நார் நாராக இழுபட்டது. உள்ளே நல்ல மஞ்சள், நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்போல் விரியும் கோடுகள். அதை வலப்பக்கம் போட்டாள். அடுத்ததும் வலப்பக்கம். அதற்கடுத்தது கையில் கொஞ்சம் மழமழவென்று இருந்தது. ஒடித்தாள். அவ்வளவு நார் வரவில்லை. உள்ளே மஞ்சளும் இல்லை. சோகை பிடித்த வெளிறல். இடப்பக்கம்.

இடப்பக்கம் சிறு குவியலானது.

"இது குன்றிமணி வேர். அதிமதுரத்தோட கலந்து விட்டிருக்காங்க."

"சும்மா சொல்லாதீங்க. எல்லாம் ஒரே வாசனைதானே?"

"ஒரே மூட்டையில ஒண்ணா உருண்டு வந்தா, வாசனை ஒட்டாம என்ன செய்யும்? மோந்து பாத்தா நானும் விட்டிருப்பேன்."

கொழுந்தன் ஒரு துண்டைக் கடித்துப் பார்க்க வாயருகே கொண்டுபோனான். அண்ணி அவன் கையைத் தட்டிவிட்டாள். "கடிக்காதே, விஷச் செடி. ஒடி. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு."

ஒடித்தான். பார்த்தான். இன்னும் இரண்டை ஒடித்தான். காது சிவந்தது.

"ஆலைக்குப் போயிருந்தா மானம் லாரி ஏறியிருக்கும்," என்றான். பிறகு மெல்ல, "மூக்கு திரும்பி வந்துடும்ல அண்ணி?"

"வரட்டும். வந்தா ஒரு ஓரமா உக்காரட்டும்." அவள் மூலைக்குப் போய் மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் பிடி தம்பி. இங்க வெளிச்சம் பத்தாது. ஜன்னல்கிட்ட போட்டுடலாம்."

அவன் மறுமுனையைத் தூக்கினான்.