கிளைவ் வீட்டுப் பெட்டியில் பெனால்டி

கிளைவ் என் நண்பன்தான். இருந்தாலும் சொல்கிறேன், எங்கள் இங்கிலாந்து ஊரான டெர்பியில் அவனைப் போல ஒரு கிறுக்கன் கிடையாது. ஊரெல்லாம் சுவரை அடைத்து டிவி மாட்டியிருக்க, அவன் வீட்டு ஹாலில் இருப்பது 1952-இல் செய்த மரப்பெட்டி. பெட்டி அலமாரி அளவு, திரை சாப்பாட்டுத் தட்டு அளவு. படத்தை 405 கோடுகளாகக் கொடுத்தால்தான் அதற்குப் புரியும். அப்படி ஒளிபரப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதனால் கிளைவ் தன் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதினான். அது இன்றைய படத்தை வாங்கி, வண்ணத்தைப் பிடுங்கி, கோடுகளைக் குறைத்து, குழந்தைக்குச் சோறு பிசைவது போலப் பிசைந்து பெட்டிக்கு ஊட்டும்.

அவன் மனைவி பிரெண்டாவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. அவளுடைய அண்ணன் ஹவர்ட் புது டிவி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார், மரப்பெட்டி வெளியே போனால். கால்பந்துக் கோப்பை இறுதியாட்டத்தை இந்தப் பெட்டியில் ஒழுங்காகப் பார்க்க முடிந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை குப்பைக்கிடங்கு என்று பிரெண்டா கெடு வைத்தாள். கிளைவுக்கு ஒரு வாரம் சோறு தண்ணி இறங்கவில்லை. வயர் பிடிக்க என்னைக் கூப்பிட்டான்.

ஹவர்டை எனக்கு அறவே பிடிக்காது. உலகத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. பெண்களுக்குக் கால்பந்து புரியாது, கவனித்துப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே தங்கைக்குப் பாடம் எடுத்தவர். இறுதியாட்டத்தன்றும் சோபாவின் நடுவில் அமர்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"ரெண்டு டீமும் சாம்பலா இருக்கு. இதுல யாருப்பா நம்ம ஆளு, யாரு ரெஃபரி?"

கிளைவ் எழுந்து திரையில் விரல் வைத்துக் காட்டப் போனான். அதற்குள் பெரிய இடி விழுந்தது. அடுத்த வீட்டு டெர்ரி "கோல்" என்று போட்ட கூச்சலில் நடுச்சுவர் அதிர்ந்தது. எங்கள் பெட்டியிலோ பந்து இன்னும் மைதானத்தின் நடுவில் உருண்டுகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பிசைந்து முடிக்க ஏழெட்டு வினாடி பிடிக்கிறது. இதை அந்தக் கிறுக்கன் யோசிக்கவே இல்லை. "பெட்டி போச்சுடா" என்று என் காதில் முனகினான்.

ஆனால் ஹவர்ட் அசையவில்லை. அவருக்கு ஒரு காது செத்துவிட்டது, இன்னொன்று நீண்ட விடுப்பில் இருந்தது. காதுக் கருவி கிழவர்களுக்கு என்று சொல்லி அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டவர் அவர். பிரெண்டா சுவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியையும் டீயையும் சுவரோரமாக நகர்த்திக்கொண்டாள்.

ஆட்டம் சமனாகி பெனால்டிக்கு வந்தது. எங்கள் ஆள் பந்தை வைத்தான்.

"இவன் கண்டிப்பா போட்டுருவான். நிக்கிற தோரணையப் பாரு" என்றார் ஹவர்ட்.

சுவருக்கு அப்பால் டெர்ரி அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னான்.

"வெளிய அடிப்பான்" என்றாள் பிரெண்டா. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது.

அடுத்தவன் பயந்துவிட்டான், தேறமாட்டான் என்றார் ஹவர்ட். பிரெண்டா தேறுவான் என்றாள். தேறினான். டெர்ரியும் எங்கள் அணிக்காரன், அதனால் எதிரணி அடிக்கும்போது அவன் சத்தத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டும், அதிலும் அவள் தவறவில்லை. கடைசியில் ஹவர்டின் குரல் இறங்கிவிட்டது.

"உனக்கு எப்படித் தெரியுது?"

"கவனிச்சுப் பாத்தா தெரியும், ஹவர்ட். நீதான சொல்லுவ."

எங்கள் அணி தோற்றது. அந்த வீட்டில் அதற்காக யாரும் வருந்தவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் டெர்ரியைப் போய்க் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ஹவர்ட் பாதி தின்ற பலகாரத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். புது டிவி பேச்சை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது, பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் கிளைவுக்குக் குறை ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. வாரம் முழுக்க உட்கார்ந்து அந்தத் தாமதத்தை அடியோடு ஒழித்துவிட்டு, பெருமையாகப் பிரெண்டாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அன்றைய ஆட்டத்தில் டெர்ரி கத்தியதும் படத்தில் கோல் விழுந்ததும் ஒன்றாக நடந்தன.

பிரெண்டாவின் முகம் மாறியது. "சனிக்கிழமை ஹவர்ட் ஆட்டம் பாக்க வர்றான். ஒழுங்கா பழையபடி மாத்து."

கிளைவ் பேயறைந்தவன் போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

"முடிஞ்சா தாமதத்த இன்னும் கொஞ்சம் கூட்டிவை" என்றாள் அவள். "போன தடவ டீய முழுங்கிட்டுப் பேச நேரம் பத்தல."