டிஸ்பென்சரின் இருமல் மருந்து

உக்குவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் சுந்தரலிங்கம் 1961இல் இருமலுக்கு ஒரு மருந்தைக் கண்டுபிடித்து, தன் பெயரையே அதற்குச் சூட்டினார். பெரிய டாக்டர் ஒப்புக்கொண்டால் அது எல்லாத் தோட்டங்களுக்கும் போகும். டாக்டரோ ஒப்பிட்டுக் காட்டச் சொன்னார்.

எனவே தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மேல் லயத்தில் இருமியவர்களுக்கு அந்த மருந்தையும், கீழ் லயத்தில் இருமியவர்களுக்கு வெறும் சீனித் தண்ணீரையும் கொடுத்தார். ஒரு கிழமையில் இரண்டு லயத்திலும் நூற்றுக்கு அறுபது பேர் தேறிவிட்டார்கள்.

சுந்தரலிங்கம் மேல் லயத்து ராசம்மாவைப் பிடித்துக்கொண்டார். “மருந்த ஒழுங்கா குடிச்சீங்களா?”

“அதக் குடிக்க முடியுமாங்க ஐயா? கசப்புன்னா அப்பிடி ஒரு கசப்பு! கீழ் லயத்துல இனிப்பு மருந்துன்னாங்க. நாங்க எல்லாரும் அங்க போயித்தான் குடிச்சோம்.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கே டாக்டரின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றார்.

“என் மருந்தக் குடிச்சு சொகமாகாத ஆளுன்னு ஒருத்தர்கூட இல்லீங்க, சேர்.”