அழித்த ஏழு புள்ளிகள்

கடலடியில் கடற்புல் எங்கே வளர்ந்திருக்கிறது, எங்கே நங்கூரம் போடக் கூடாது என்று படம் போட்டுக் கொடுப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. படகிலிருந்து ஒலியைக் கீழே அனுப்புவார்கள்; தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி கணினியில் லட்சக்கணக்கான புள்ளிகளாக வந்து விழும். அதில் குப்பையைப் பொறுக்கி எறிவது அவள் பொறுப்பு. அதனால் அவளுக்குத் 'துடைப்பம்' என்று பட்டப்பெயர். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

"தனியா மேல துருத்திட்டு நிக்குதா? மீன் கூட்டம். அழிச்சிட்டுப் போயிட்டே இரு" என்று அவள் சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லியிருந்தார். மூன்று வருஷமாக அழித்துக்கொண்டே இருந்தாள். கை பழகிவிட்டால் கண் தூங்கிவிடும்.

கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் அளப்பார்கள். அன்று காலை, போன வாரம் முடித்த கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தின் பதிவைத் திறந்தாள். இரண்டு கட்டமும் ஒட்டுகிற ஓரத்தில் ஏழு புள்ளிகள், தரையிலிருந்து ஒன்பது மீட்டர் உயரத்துக்கு. அழிக்கப் போன கை நின்றது. இதே இடத்தில், இதே உயரத்தில், ஏழு புள்ளிகளைப் போன வாரம்தான் அழித்திருந்தாள். ஒரு வாரம் அசையாமல் நிற்க மீன் என்ன அங்கே வாடகைக்கா குடியிருக்கிறது? பாறை. ஊசிப் பாறை. அவள் அனுப்பிய படத்தில் அந்த இடம் சமதரை.

அந்தப் படத்தை நம்பி, கடற்புல்லை நெருக்கத்தில் அளக்க இன்று அங்கே போயிருப்பவன் அவள் தம்பி. ஒலிக்கருவியைக் கம்பிவடத்தில் கட்டி, தரைக்கு நாலு மீட்டர் மேலே இழுத்துக்கொண்டு போகிற சின்னப் படகு. கருவி பாறையில் மாட்டினால், வடம் படகின் பின்பக்கத்தைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். போன வருஷம் ஒரு படகு அப்படித்தான் மூன்று நிமிஷத்தில் முங்கிப்போனது.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது சும்மா இல்லை. தம்பியின் எண்ணை எடுப்பதற்குள் இரண்டு தடவை வேறு யாருக்கோ அடித்துவிட்டாள். அவன் போன் கிடைக்கவில்லை. விழுந்தடித்துக்கொண்டு கீழே ரேடியோ அறைக்கு ஓடினாள்.

ரேடியோக்காரர் மைக்கை நீட்டினார், ஆனால் பிடியை விடாமல் சொன்னார். "எல்லாப் படகும் கேக்கும்மா. மேலாளரும் கேப்பாரு. வேலைக்கே உலை வச்சிடுவாங்க, பாத்துக்க."

"வைக்கட்டும்ண்ணே. குடுங்க."

தம்பியின் குரல் உடனே வந்தது. "அக்கா, நீயா? வடம் சுத்துற மெஷின் மக்கர் பண்ணுது. பின்னாடி கொஞ்சம் தண்ணி ஏறுது. இன்னொரு தடவை இழுத்துப் பாக்குறோம்."

"இழுக்காதடா. மெஷின் இல்ல, கீழ பாறை. வடத்தை வெட்டு."

"படத்துல பாறையே இல்லியே."

"இருந்துச்சு. நான்தான் மீன்னு நெனச்சு அழிச்சேன். தப்பு என்னுது. வெட்டிடுடா தம்பி, தயவுசெஞ்சு வெட்டிடு."

பதில் இல்லை. மைக்கின் பட்டனை இன்னும் இறுக்கி அமுக்கினாள்.

"பட்டனை விடும்மா," என்றார் ரேடியோக்காரர். "நீ அமுக்கிட்டிருந்தா அவன் எப்படிப் பேசுவான்?"

விட்டாள். இரைச்சல்தான் வந்தது. அவள் கும்பிடாத தெய்வமில்லை அந்த நேரத்தில்.

"வெட்டியாச்சு." தம்பி இருமினான். "படகு நிமிந்துடுச்சு. எல்லாரும் இருக்கோம்க்கா."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகை அடங்குமுன் ரேடியோவில் இன்னொரு குரல் வந்தது.

"ஏம்மா, நாங்க நாலாம் கட்டத்துல நிக்கிறோம். கருவிய இப்பத்தான் எறக்கினோம். எங்க படத்தையும் நீதான் பாத்தியா?"

அது முடியவில்லை, அடுத்தது. "நாங்க பதினொண்ணாம் கட்டம். எங்களுது?"

மூன்று வருஷத்தில் எத்தனை புள்ளிகளை அழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவற்றில் எத்தனை மீன், எத்தனை பாறை? எழுந்து மைக்கின் பட்டனை மறுபடி அமுக்கினாள்.

"எல்லாமே நான்தான்ண்ணே," என்றாள். "எல்லாரும் கருவிய மேல தூக்கிடுங்க."