சென்காவுக்கு வந்த பூஜ்யம்

நோவி சாத் நகரில் நடந்த ஹேக்கத்தான் என்னும் நிரல் போட்டியில், தொழில் தொடங்கும் கூட்டாளிகளுக்குள் பங்கை நியாயமாகப் பிரிக்கும் பிளாக்செயின் செயலியை மூவர் குழு முடித்திருந்தது. யோசனையும் திரை வடிவமும் சென்காவுடையவை. பங்கு விதியை எழுதியவன் வுகாஷின். தங்கள் பெயர்களையே போட்டுச் சோதித்தார்கள். சென்காவுக்குப் பூஜ்யம் வந்தது.

"ஏண்டா வுகா, நான் என்ன உங்களுக்குத் தின்ன பூரெக் வாங்கிக் குடுக்க வந்தவளா?" என்று சிரித்தாள்.

நிரல் எழுதுவது மட்டுமே உழைப்பு என்று விதியைக் குறுக்கியவன் அவன்தான். அதில் தன் பங்கு பெருகுவதைக் காலையிலேயே பார்த்தும் திருத்தவில்லை.

"ஏதோ பிழை போல," என்றான்.

"நான்தான் உனக்குச் சரியா விளக்கலையோ என்னவோ. விடு, கூப்பிடுறாங்க."

மேடையேறி நடுவர்களிடம் சொன்னாள்: "இதுல யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

வுகாஷின்தான் முதலில் கைதட்டினான். அவள் நன்றியோடு அவனைப் பார்த்தாள்.