வேண்டாத நரகங்கள்

ஹெ சாவ்லின் எதையும் குறைத்துக் கொடுத்தே பழகியவர், குறைத்து வாங்கிப் பழக்கமில்லாதவர். சாவு நெருங்கியபோதும் அந்தக் குணம் போகவில்லை. ஊரில் யார் செத்தாலும் விரிக்கிற அந்தப் பழைய சுருள் தனக்கு ஆகாது, தனக்கென்று புதிதாக ஒன்று எழுத வேண்டும் என்று படுக்கையிலிருந்தே உத்தரவு போட்டார். ஊர்க்காரப் பிணங்கள் எல்லாம் நடந்து நடந்து கரி பிடித்துக் கிடக்கிற பாதையில், லாசா வரைக்கும் தேயிலை ஏற்றி அனுப்பிய தானும் நடப்பதா என்று கேட்டார்.

சுருள் என்பது சணல் துணியில் படம் படமாக எழுதிய நீளமான பாதை. பெட்டியின் தலைமாட்டிலிருந்து வடகிழக்குப் பார்த்து முற்றம் முழுக்க விரிப்பார்கள். முதலில் நரகங்கள், நடுவில் மனிதர் உலகம், கடைசியில் தேவர்கள் இருக்கும் இடம். பூசாரியான தொங்பா ஓதிக்கொண்டே ஒரு சின்ன மரப்பொம்மையைப் படம் படமாக நகர்த்தி, செத்தவரை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பார். எழுதுவதும் அவரே, ஓதுவதும் அவரே. இந்த ஊரில் அது தூன்லி. பூசை இல்லாத நாட்களில் அவரும் பார்லி வயலில் நிற்கிறவர்தான்.

தூன்லி பழைய சுருளை மாதிரிக்காக எடுத்துவந்து படுக்கையருகே பிரித்தார். சாவ்லினின் மனைவி யுன்சுய் வெண்ணெய்த் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். வயலை உழுததும், மூட்டை சுமந்ததும், சந்தையில் விலை பேசியதும் அவள்தான். சாவ்லின் கையில் வல்லூறை வைத்துக்கொண்டு தெருவில் நடந்துவிட்டு வருவார். வந்ததும் களைப்பாக இருக்கிறது என்பார்.

முதல் படத்திலேயே சாவ்லின் விரலை வைத்தார். ஊற்றை அசுத்தம் செய்து, அங்கே குடியிருக்கும் நாகங்களின் கோபத்தைச் சம்பாதித்தவர்களுக்கான நரகம் அது. இது வேண்டாம் என்றார். மேல் ஊற்றில் யாரோ தோல் கழுவி, கீழ்த்தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சொறி பிடித்த வருஷம் யுன்சுய்க்கு நினைவு வந்தது. அந்த வருஷம்தான் இவர் தோல் வியாபாரமும் பார்த்தார்.

அடுத்து, கள்ள அளவை வைத்தவர்களைக் கொப்பரையில் போட்டு வேகவைக்கிற படம். இதுவும் வேண்டாம் என்றார். வாங்குவதற்கு ஒரு படி, விற்பதற்கு ஒரு படி என்று அவர் வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். கொப்பரைக்குப் பக்கத்தில் சோம்பேறிகளை முள்ளில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று சாவ்லின் தாராளமாக விட்டுவிட்டார். “நான் என்னைக்குச் சும்மா உக்காந்திருக்கேன்?” என்றார். யுன்சுய் தன் உள்ளங்கைக் காய்ப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு அவருடைய விரல் ஒரு படத்தைத் தாண்டி ஓடப் பார்த்தது. ஓடியது திரும்பி வந்தது.

“இதையும் எடுத்துடு. பாக்கவே அசிங்கமா இருக்கு.”

மல்லாந்து கிடக்கிறவனின் நாக்கை வயல்போல விரித்து, இரண்டு மாடு பூட்டி உழுகிற படம் அது. யுன்சுய்யின் கை நின்றது.

“எது அசிங்கம்? நாக்கா, ஏரா?”

“மாடு கோணலா இருக்கு.”

அவளுக்குத் தெரியாத படமில்லை. இருந்தாலும், இது யாருக்கான நரகம் என்று தூன்லியைக் கேட்டாள். பொய்ச் சாட்சி சொன்னவங்களுக்கு என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

யுன்சுய்க்குத் தெங்பெய் என்று ஒரு தம்பி. தேயிலை ஏற்றிப் போகும் கூட்டத்தில் சாவ்லினின் கழுதை ஓட்டியாக இருந்தான். ஒருமுறை சரக்கிலிருந்த கஸ்தூரிப் பை காணாமல் போயிற்று. அவன் அதை ஒளித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று பெரியவர்கள் முன்னால் சாவ்லின் வாய் கூசாமல் சத்தியம் செய்தார். அவனை அடித்து ஊரைவிட்டு விரட்டினார்கள். அன்று முதல் பொன்மணல் ஆற்றுக்கு அக்கரையில் மண் அரித்துப் பொன்துகள் எடுத்துப் பிழைக்கிறான். பெற்ற தாய் செத்தபோதுகூட ஊருக்குள் கால் வைக்க விடவில்லை. நிஜமாகவே பார்த்தீர்களா என்று யுன்சுய் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கேட்பாள். கண்ணால் பார்த்தேன் என்பார் அவர். சந்தேகப்படவும் முடியாமல் நம்பவும் முடியாமல் அவள் அந்த மனிதருக்கே சோறு ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்போ என் தம்பி?” என்றாள்.

“சாகப்போறவன்கிட்ட கேக்குற கேள்வியாடி இது?” சாவ்லின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எடுத்த இடங்களில் சொர்க்கத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதும்படி சுவரிடமே சொன்னார். ஒரு நரகத்தின் இடத்தில் வேறொன்று எழுத முடியாது, வெறுந்துணியாகத்தான் விட வேண்டும் என்றார் தூன்லி. விடு, வெள்ளையாக இருந்தால் சுத்தமாக இருக்கும் என்றார் சாவ்லின்.

வாசலில் தூன்லி யுன்சுய்யைத் தனியாக நிறுத்தினார். இப்படிப் பாதையை அறுத்து எழுத மனம் வரவில்லை என்றார். முழுசாகவே எழுதிவிடலாம், இவரிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று யோசனையும் சொன்னார். அவர் நல்லவர். நல்லவர்களுக்கு இப்படித்தான் யோசனை வரும்.

“வேண்டாம்ணே,” என்றாள் யுன்சுய். “அவர் சொன்னபடியே எழுதுங்க. அவர் வேண்டாம்னது ஒண்ணுகூட உள்ள வரக்கூடாது.”

“ஆவி நடுவழியில நின்னுடுமேம்மா.”

“அது அவர் பாடு.”

சுருள் எழுதி முடிந்து வந்ததும் சாவ்லின் பார்த்துத் திருப்திப்பட்டார். வெள்ளை இடங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதாகச் சொன்னார். சில நாளில் போய்ச் சேர்ந்தார். புருஷன் வாக்கை இப்படிக் காப்பாற்றுகிறவள் உண்டா என்று தெருவே யுன்சுய்யைப் புகழ்ந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு வந்துவிடும் என்ற பயம்தான்.

முற்றத்தில் சுருளை விரித்தார்கள். சாவ்லின் யோசிக்க மறந்த ஒன்று உண்டு. எத்தனையோ சாவுக்கு வந்து எத்தனையோ தடவை பார்த்த பாதை அது. எந்த நரகத்துக்கு அடுத்து எந்த நரகம் என்று ஊரில் எல்லோருக்கும் தன் வீட்டு அடுக்களைபோல் தெரியும். அடுக்களையில் ஒரு பானை இல்லையென்றால் கண் அங்கேதானே போகும்.

முதல் வெள்ளையைப் பார்த்ததும் கீழ்த்தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி தன் மகனின் கையிலிருந்த பழைய தழும்பைத் தடவினாள். இரண்டாவது வெள்ளைக்குச் சந்தைப் பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. படி, படி என்றது. யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பாவம் செய்ததைச் சாவ்லின் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஒன்றுவிடாமல் துணி போட்டுக் காட்டிவிட்டுப் படுத்திருந்தார்.

தூன்லி இரண்டு வெள்ளையையும் தடுமாறி ஓதிக் கடந்தார். மூன்றாவதில் பொம்மை நின்றது. அன்று தெங்பெய்யை அடிக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்ன ஊர்ப் பெரியவர் குவாங்ஷெங், கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து பார்த்தார்.

“இங்க மாடு நிக்கணுமே. எங்கே?”

“அவர்தான் வேண்டாம்னாரு தாத்தா,” என்றாள் யுன்சுய். “தெளிவா இருக்கும்போதே விரலை வெச்சுக் காட்டினாரு. தொங்பா அண்ணன் பக்கத்துலதான் இருந்தாரு.”

தூன்லி ஆமென்று தலையசைத்தார்.

குவாங்ஷெங் குனிந்து அந்த வெள்ளையையே பார்த்தார். தன் தீர்ப்பு அங்கே கிடப்பதை அவர் பார்த்திருக்க வேண்டும். கடைசியில், அக்கரைக்கு ஆள் போகட்டும், அந்தப் பையனை அழைத்து வரட்டும் என்றார். பையனுக்கு இப்போது தலை நரைத்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

மற்றதை முடித்துவிடலாமே என்று சாவ்லினின் உறவுக்காரர்கள் அவசரப்பட்டார்கள். தூன்லி பொம்மையைத் தொட மறுத்தார்.

“முதல் ரெண்டும் நாகத்துக்கும் அளவைக்கும் பட்டது, அதுக்குப் பரிகாரம் ஓதி நகர்த்திட்டேன். இது பேர் சொல்லி ஒரு மனுஷனுக்குச் செஞ்சது. நரகம் எழுதியிருந்தா தாண்ட வெச்சிருப்பேன். இல்லாத நரகத்தைத் தாண்ட என்கிட்ட மந்திரம் கிடையாது.”

ஆகவே சாவ்லின் காத்திருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக வேறொருவருக்காகக் காத்திருந்தார். வெறுந்துணியின் நடுவில் பொம்மையும், பக்கத்தில் யுன்சுய் எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொண்ட விளக்கும் இருந்தன.

தெங்பெய் வந்தான். அக்காவை ஏறிட்டுப் பார்க்கவே கூச்சப்பட்டான். அவளுக்கு அழுகை முட்டியது, அடக்கவில்லை. முற்றத்தில் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவன் சுருளைப் பார்த்தான், வெள்ளையைப் பார்த்தான். அவனுக்கும் பாதை மறக்கவில்லை. என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“இவரை இங்கயே விட்டுடலாமா?” என்று தூன்லி அவனைக் கேட்டார். “நீ சொன்னாத்தான் நகரும்.”

தெங்பெய் யோசித்தான். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டு எடுத்துவந்து துணியருகே மண்டியிட்டான். பொம்மையைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். முதலில் மனிதனை வரைந்தான். பிறகு நாக்கை வரைந்தான். அது பழைய சுருளில் இருந்ததைவிட நன்றாக நீண்டுகொண்டே போயிற்று. யாரும் போதும் என்று சொல்லவில்லை.

மாட்டுக்குக் கை வைத்தபோது யுன்சுய் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

“மாட்டை மட்டும் நேரா போடுடா,” என்றாள். “கோணலா இருந்தா அவருக்குப் பிடிக்காது.”